ரசிகப் பெட்டியில் எதை எறிவது, எதைக் காப்பாற்றுவது

13, 14 வயதில் ஒரு பாடகர் மீதோ இசைக்குழு மீதோ பித்துப் பிடித்துக் கிடந்தவர்களிடம் அநேகமாக ஒரு பெட்டி மிஞ்சியிருக்கும். பத்திரிகையில் வெட்டிய படங்கள், நடுப்பக்க போஸ்டர், பாட்டு வரிகளை எழுதிவைத்த நோட்டு, நாலைந்து கேசட், யாரோ கொடுத்த பேட்ஜ். 40 வயதை நெருங்கும்போது, வீடு மாற்றுகிற சாக்கில் அது வெளியே வரும். திறந்தவர் முதலில் சிரிப்பார். அடுத்து, வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பதற்குள் மூடிவைப்பார். பிறகு ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பாதியைக் கழிப்பார்.

கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாவற்றையும் கட்டிக் காப்பது ஆகிற காரியமும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் கழிப்பது தப்பான பாதியை. கடையில் வாங்கிய ஆல்பம், கச்சேரி டிஷர்ட், அதிகாரப்பூர்வ புகைப்பட நூல் எல்லாம் பத்திரமாகத் திரும்ப உள்ளே போகும். கோணல்மாணலாக ஒட்டிய ஸ்கிராப்புக்கும், ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டும், ஓரத்தில் இதயம் வரைந்த நோட்டும் குப்பைக்குப் போகும். வெட்கம் அவற்றில்தான் அதிகம். அச்சடித்த ஆல்பம் லட்சக்கணக்கில் வந்தது; இன்றைக்கும் யாராவது விற்பார்கள். அந்த நோட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதோடு, கையால் செய்தவைதான் சீக்கிரம் அழிபவையும். மட்டமான காகிதம், மட்டமான பசை, மட்டமான டேப். ஆகவே வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பியானோ கலைஞர் ஃப்ரான்ஸ் லிஸ்ட்டின் ரசிகர்கள் ஆடிய ஆட்டத்துக்குக் கவிஞர் ஹைன்ரிக் ஹைனெ 1844லேயே ‘லிஸ்டோமேனியா’ என்று பெயர் வைத்துவிட்டார். 1944 அக்டோபர் 12 அன்று நியூயார்க் பாரமவுண்ட் தியேட்டரில் பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவைப் பார்க்க உள்ளே போன பெண் பிள்ளைகள் காட்சி முடிந்தும் இருக்கையை விட்டு எழவில்லை. வெளியே காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். 1996 பிப்ரவரி 13 அன்று டேக் தட் என்ற பாட்டுக்குழு பிரிவதாக அறிவித்தபோது, அழுகிற ரசிகைகளுக்காக பிரிட்டனில் தொலைபேசி உதவி எண்களே திறக்கப்பட்டன. திரையில் பார்க்கிறவரோடு ஒருபக்கமாக வளரும் இந்த நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1956லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கின்றன என்பதும் நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். ஆக, ஊரில் யாருக்கும் வராத வியாதி நமக்கு வந்துவிடவில்லை. வேலைக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காதீர்கள். மேலேயிருந்து ஒரு படம் எடுங்கள். ஒரு அடுக்கை எடுத்ததும் இன்னொரு படம். எது எதற்கு மேலே இருந்தது என்பதே ஒரு தகவல்; கடைசியாக எதைப் போட்டு மூடினோம் என்பது அதில் தெரியும். கைகளை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் காகிதத்துக்கு அது போதும். பருத்திக் கையுறை வேண்டாம். விரல் நுனியில் உணர்வு மந்தமாகி, நொறுங்கும் தாளின் விளிம்பைக் கிழித்துவிடுவோம். புகைப்படங்களுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

அடுத்து, பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துக் கெடுக்கிற பொருட்களைப் பொறுக்கி வெளியே எடுங்கள். ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப், குண்டூசி, பேட்டரி, மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் உறை. ரப்பர் பேண்ட் முதலில் இளகி ஒட்டும், பிறகு காய்ந்து நொறுங்கிப் பழுப்பு வரியை விட்டுவிடும். பழைய பிவிசி உறையைத் திறந்தால் புது மழைக்கோட்டு வாசனை வரும். அது பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்த்த ரசாயனம் கசிவதன் அறிகுறி. அந்தக் கசிவு அச்சு மையை இளக்குவதால்தான், படத்தை உருவும்போது பாடகரின் பாதி முகம் உறையிலேயே தங்கிவிடுகிறது. மாற்று உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன், பாலியெத்திலீன், பாலியெஸ்டர் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்தப் பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்கிராப்புக். செய்தித்தாள் வெட்டல்கள் மஞ்சளாவதற்குக் காரணம் மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து அமிலமாகிறது. அந்த அமிலம் எதிர்ப்பக்கத்துக்கும் தாவுகிறது. வெட்டலை ஒட்டிய பக்கத்துக்கு எதிரே அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். மூலத்தை வெளுக்க முயலாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு, பக்கங்களுக்கு இடையில் அமிலமற்ற மெல்லிய தாளைச் செருகினால் போதும். ரொம்பத் தாள் செருகினால் நோட்டின் முதுகு விரிந்து தையல் விடும். அப்படி ஆகும்போல் தெரிந்தால் செய்தித்தாள் இருக்கிற பக்கங்களுக்கு மட்டும் செருகுங்கள்.

உண்மையான எதிரி செலோடேப். அது இரண்டு கட்டமாகச் சாகும். முதல் கட்டத்தில் பசை எண்ணெய்போல் இளகிக் காகிதத்துக்குள் இறங்கும். டேப்புக்குக் கீழே தாள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். இரண்டாவது கட்டத்தில் பசை காய்ந்து, மேலே இருக்கிற பிளாஸ்டிக் பட்டை தானாக உதிர்ந்து, காப்பி நிறக் கறை மட்டும் மிஞ்சும். உதிரும் நிலையில் இருந்தால் பட்டையை எடுத்துவிடலாம், நஷ்டமில்லை. இளகிய நிலையில் இருந்தால் இழுக்கவே கூடாது. தாளின் மேல்தோல் டேப்போடு வந்துவிடும். அந்தப் பக்கத்தை சிலிகான் பூசிய வழுக்குத் தாளால் மூடி, மற்ற பக்கத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய சரியான காரியம். கறையை எடுப்பது கரைப்பான்களோடு பழகிய ஆவணப் பாதுகாப்பு நிபுணர்கள் செய்ய வேண்டிய வேலை.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுகிற, ‘மேக்னடிக்’ என்று பெயர் போட்டு விற்ற ஆல்பம் இருந்தால் அதிலிருந்து படங்களைச் சீக்கிரம் விடுவியுங்கள். அதில் காந்தம் எதுவும் கிடையாது. அட்டையில் வரிவரியாகப் பசை, அவ்வளவுதான். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் படம் கழன்று வரும். நூலைத் தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். தூக்கினால் படம் மடங்கி விரிசல் விழும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம். எடுப்பதற்கு முன் பக்கத்தை முழுசாகப் படம் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எதன் மேல் யாருடைய பெயர் வெட்டி ஒட்டப்பட்டது என்பதெல்லாம் அந்த வயதில் யோசித்து யோசித்துச் செய்தவை. குழுவில் ஒருவருக்கு மட்டும் எல்லாப் பக்கத்திலும் பெரிய படம் கிடைத்திருக்கும். இன்னொருவர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருப்பார். குழு பிரிந்த வாரத்துச் செய்திகள் நாலைந்து பக்கத்துக்கு நெருக்கியடித்து ஒட்டப்பட்டிருக்கும், அதற்குப் பிறகு நோட்டு காலி. ஒரு படத்தை அதன் இடத்திலிருந்து பிரித்துவிட்டால் இது எதுவும் தெரியாது.

போஸ்டர் பெரும்பாலும் பத்திரிகையின் நடுப்பக்கம். அதில் துருப்பிடித்த ஸ்டேப்பிள் இருக்கும். ஸ்டேப்பிள் எடுக்கிற கருவியை வைத்துக் கடிக்காதீர்கள். கால்கள் மடிந்திருக்கும் பக்கத்தில் அவை இரண்டையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, எதிர்ப்பக்கமாக உருவ வேண்டும். மூலைகளில், சுவரில் ஒட்டப் பயன்படுத்திய ரப்பர்போன்ற ஒட்டுமாவு இருந்தால் சற்று நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இறுகி உருண்டு வந்துவிடும். அது விட்ட எண்ணெய்க் கறை போகாது. சுருட்டி வைப்பதானால் 8 முதல் 10 செ.மீ. குறுக்களவுள்ள குழாயின் மேல் சுற்ற வேண்டும். சிறிய குழாய்க்குள் திணித்தால் வெளியே எடுக்கும்போது ஓரம் கிழியும். லேமினேஷன் செய்கிற யோசனை எல்லோருக்கும் வரும். அதைச் செய்தால் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

பளபளப்பான பத்திரிகைத் தாள் நனைந்துவிட்டால் மட்டும் அவசரம் காட்ட வேண்டும். அதன் மேல் பூசியிருக்கும் களிமண் பூச்சு ஈரத்தில் பசையாகி, காய்ந்ததும் பக்கங்களைப் பலகைபோல் ஒட்டிவிடும். ஒட்டிக் காய்ந்த பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்த்தாள் செருகுங்கள். நேரம் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள்; பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேசட்டுக்கு வருகிறேன். என் கணக்கில் பெட்டியில் இருப்பதிலேயே விலைமதிப்பில்லாதது ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்தான். பாட்டு இன்று எந்த ஆப்பிலும் கிடைக்கும். அறிவிப்பாளர் பல்லவி தொடங்குகிற வரை பேசிக்கொண்டே போனதும், பாஸ் (இடைநிறுத்தம்) பொத்தானை விடத் தாமதமானதால் முதல் இரண்டு நொடி போனதும், பாட்டின் நடுவில் அறைக்கதவு தட்டப்பட்டதும் எந்த ஆப்பிலும் கிடைக்காது. கதவுச் சத்தம் பதிவாக வேண்டுமானால் ரேடியோவுக்கு எதிரே தனி ரெக்கார்டரை வைத்து மைக்கில் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் பிடித்திருந்தால் அறிவிப்பாளர் மட்டும்தான்.

பிலிப்ஸ் 1963ல் கொண்டுவந்த இந்த கேசட்டில் டேப்பின் அகலம் 3.81 மி.மீ., ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. 60 நிமிடம் ஓடும் சி-60யின் டேப் ஏறக்குறைய 18 மைக்ரான் தடிமன், சி-90 12, சி-120 9. கைச்செலவுக்குப் பயந்து சி-120 வாங்கியவர்கள் இப்போது பயப்பட வேண்டும், அதுதான் நீண்டு, சுருண்டு, இயந்திரத்துக்குள் சிக்கும். முதலில் வெளிச்சத்தில் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் இயந்திரத்துக்கும், அடுத்து போடுகிற எல்லா கேசட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். தனிப் பையில் கட்டி வைத்து, இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

அடுத்து, டேப் வெளியே தெரியும் விளிம்பின் நடுவில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு, செம்பு நிறத் தகட்டு ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தில் ஒலியைப் படிக்கிற பாகமான ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து துண்டு விழுந்திருக்கும். அப்படியே போட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் எறிந்துவிடுகிறார்கள். கெட்டிருப்பது அந்தத் துண்டு மட்டும்தான். வேண்டாத கேசட் ஒன்றின் கூட்டைத் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே அதற்குள் மாற்றலாம். 5 திருகு உள்ள கூடாகத் தேர்ந்தெடுங்கள். திருகில்லாமல் உருக்கி ஒட்டிய கூடானால் விளிம்பில் கத்தியைக் கொடுத்து நெம்பித்தான் உடைக்க வேண்டும். டேப் அறுந்திருந்தால் அதற்கென்று உள்ள ஒட்டுப்பட்டையை முதுகுப் பக்கத்தில் போடுங்கள், செலோடேப் போட்டால் பசை வழிந்து ஹெட்டில் படியும்.

போடுவதற்கு முன் ஹெட்டையும் டேப்பை ஓட்டுகிற உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம், ரப்பர் வறண்டுவிடும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும். வருஷக்கணக்கில் கிடந்த கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் டேப்பின் இறுக்கம் சீராகும். அப்படியும் உயர்ந்த ஸ்தாயிச் சத்தம் மங்கலாக இருந்தால், பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தது என்று அர்த்தம். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகின் இப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே காதால் கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். ‘ஸ’ ஓசை கூர்மையாக வருகிற இடம்தான் சரியான இடம். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

கணினியில் ஏற்றும்போது மைக் துளையில் சொருகாதீர்கள். அது பெரும்பாலும் மோனோ, சத்தத்தையும் கிழித்துவிடும். லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ பெட்டி வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 90 நிமிட கேசட் ஒன்று ஒன்றரை ஜிபி பிடிக்கும். இரைச்சலை நீக்குகிற வேலையெல்லாம் நகல் கோப்பில் செய்துகொள்ளுங்கள். அந்த மென்பொருளுக்கு இரைச்சல் எது, பின்னணியில் யாரோ கூப்பிட்ட குரல் எது என்று தெரியாது.

வீடியோ கேசட்டுக்கும் பூஞ்சை விதி அதேதான். கூடுதலாக ஒரு அவசரம்: கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. சிடி-ஆர் வைத்திருந்தால், மினுமினுக்கும் அடிப்பக்கத்தைவிட எழுத்துள்ள மேல்பக்கத்துக் கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். தகவலைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது.

கையெழுத்துப் படங்கள் விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ரசிகர் மன்றம் தபாலில் அனுப்பியது என்றால் அச்சடித்ததாகவே இருக்கலாம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்: கோடு புள்ளிபுள்ளியாக உடைந்து தெரிந்தால் அச்சு. மை இருந்தும் அழுத்தம் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே சீராக, கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மை திட்டாக இருந்தால் கையெழுத்து இயந்திரம். உதவியாளர்கள் போட்டுக் கொடுத்ததும் உண்டு. பீட்டில்ஸ் நால்வர் பெயரையும் அவர்களோடு பயணம் செய்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் ஏராளமாகப் போட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அசலானாலும் போலியானாலும் ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்தில் வெளுக்கும். சுவரில் நகலை மாட்டுங்கள்.

அடுத்த தலைமுறையின் பெட்டியில் கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசைக்குழுக்களின் போட்டோகார்டு இருக்கும். அளவு பெரும்பாலும் 55 x 85 மி.மீ. இவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், உறை போட்டே வைத்திருப்பார்கள். கார்டை மேலிருந்து செருகும் கெட்டியான டாப்லோடர் உறை பிவிசிதான் என்றாலும் அதில் வளையவைக்கும் ரசாயனம் கிடையாது, ஆகவே பெரிய ஆபத்தில்லை. உள்ளே முதலில் ஒரு பாலிப்ரொப்பிலீன் உறை போட்டிருந்தால் சரி. ஒன்பது பை உள்ள மெத்தென்ற பைண்டர் தாள்களைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். கச்சேரியில் ஆட்டுகிற விளக்குக் குச்சியான லைட்ஸ்டிக்கில் பேட்டரியை விட்டு வைத்திருந்தால் முனையில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம். அதனால் வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். டிஷர்ட்டில் ரப்பர்போல் தடித்த அச்சு இருந்தால், மடித்த அச்சுப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் தாள் வையுங்கள்.

எல்லாவற்றையும் இணையத்திலேயே வைத்திருந்த ரசிகர்களுக்குப் பெட்டியே இருக்காது. ரசிகர்கள் சொந்தப் பக்கம் அமைத்த ஜியோசிட்டீஸ் தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்ற சமூகத் தளம் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளைச் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019ல் தெரியவந்தது. பழைய பக்கத்தின் முகவரி ஞாபகம் இருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள். எழுத்து கிடைக்கலாம், படங்கள் பெரும்பாலும் கிடைக்காது.

மிஞ்சியதை அட்டைப்பெட்டியில் போட்டு மறுபடியும் பரணில் ஏற்றாதீர்கள். கூரைக்குக் கீழே வெப்பம் ஏறி இறங்குகிற அந்த இடம்தான் வீட்டிலேயே மோசமான இடம். மனிதர் புழங்கும் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டு போதும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

கடைசியாகக் கடிதங்கள். பெட்டியில் இருப்பவற்றில் நட்சத்திரத்திடமிருந்து வந்தது ஒன்றுகூட இருக்காது. அதே நட்சத்திரத்தைக் காதலித்த இன்னொரு பிள்ளை எழுதியது கட்டுக்கட்டாக இருக்கும். அந்தத் தாள் உங்களுடையது, அதில் எழுதியிருப்பதை வெளியிடும் உரிமை எழுதியவருடையது. இணையத்தில் போடுவதானால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் போடாதீர்கள். ஆள் கிடைத்தால் ஸ்கேன் பிரதியை அவருக்கு அனுப்புங்கள். உங்கள் கடிதங்கள் அவரிடம் இருக்கலாம். ஸ்கேன் செய்யும்போது உறையையும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். தேதி தபால் முத்திரையில்தான் இருக்கும். கடிதத்தின் தலையில் பெரும்பாலும் ‘வியாழன், கணக்கு வகுப்பு’ என்றுதான் எழுதியிருக்கும்.